படகுக்காரரின் தொண்ணூறு நொடி

பட்டியல் வெளியான செய்தியை அவளுக்குச் சொன்னது தங்கைதான். பள்ளிக்கூட ஆசிரியை. மதிய இடைவேளையில் அழைத்தாள்.

"அக்கா, உக்காந்திருக்கியா, நின்னுட்டு இருக்கியா?"

"ஏன், யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தான் ஆச்சு. அனிமேஷன் விருதுக்கு அஞ்சு பேர் பட்டியல் வந்திருக்கு. மூணாவது பேரு உன்னுது. அந்தப் படகுக்காரர் காட்சிக்காம்."

ஸ்டுடியோவில் எல்லாரும் அவளை நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பத்துப் படம் வரைகிற நேரத்தில் அவள் மூன்று வரைவாள். ஆனால் அந்த மூன்றையும் யாரும் திருத்த வேண்டியிருக்காது. பதினெட்டு வருடத்தில், படத்தின் முடிவில் ஓடுகிற நீண்ட வரிசையைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் வந்ததில்லை. அதனால் முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். பிற்பாடு அவள் பல நாள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதும் அந்தக் கால் நிமிட சந்தோஷத்துக்காகத்தான். அடுத்த நொடி, அது எந்தக் காட்சி என்பது அவளுக்கு உறைத்தது.

காட்சியை வரைந்தது அவள்தான். ஆனால் அது அவள் பெயரில் வெளியே வரவே கூடாத காட்சி.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மின்னல். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கென்று ரசிகர்கள் உண்டு. படத்தில் ஒரு கை அசைந்தால் போதும், அது மின்னல் வரைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். விரல் அசைவதற்கு முன்னால் மணிக்கட்டு சாயும். கட்டைவிரலுக்கு நகம் இருக்காது. துணியைப் பிடித்தால் நடுவிரல் மட்டும் சற்றே விலகி நிற்கும்.

அந்த மின்னலுடைய வலது கை போன வருடம் நடுங்க ஆரம்பித்தது. இது கூடுமே தவிரக் குறையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அத்தனையும் ஸ்டுடியோவின் மருத்துவக் காப்பீட்டில் நடந்தது. வரைய முடியாதவருக்கு அங்கே வேலை கிடையாது. வேலை இல்லாதவருக்குக் காப்பீடு கிடையாது.

ஒரு நாள் காலை, நடுங்குகிற கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நத்தை பார்த்தாள். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கே வர ஆரம்பித்தாள். அவருடைய கணினியில், அவர் பெயரில், அவர் கையைப் போலவே வரைந்தாள். ஒன்பது மணிக்கு எழுந்து தன் நாற்காலிக்குப் போய்த் தன் வேலையைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் அப்படி இருபத்தோரு காட்சிகள். மின்னலைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது.

இருபத்திரண்டாவது படகுக்காரர் காட்சி. ஒரு கிழவர் தூங்குகிற பேரப்பிள்ளையை எழுப்பாமல் அதன் ஈரச் சட்டையைக் கழற்றுகிறார். தொண்ணூறு நொடி, பேச்சே கிடையாது. அதைத் தொடங்கிய வாரம் மின்னலின் கணினி பழுதுபார்க்கப் போயிருந்ததால் நத்தை தன் கணினியில் வரைந்தாள். முடிந்ததும் அவர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்து, மறந்துபோனாள். கோப்பில் அவள் பெயரே நின்றுவிட்டது. விருதுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பிய நிர்வாகி, கோப்பில் இருந்த பெயரை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவள் ஓடிப்போய் நிர்வாகியிடம் நின்றாள்.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

"ஏம்மா? ஊரெல்லாம் பேரு வரலையேன்னு அழுவுது, நீங்க வந்துடுச்சேன்னு அழுவுறீங்க."

"எனக்கு வேண்டாம் சார்."

"நான் கையெழுத்துப் போட்ட படிவம். இப்ப மாத்தினா நம்ம அனுப்பின மத்த பேரையெல்லாம் சந்தேகப்படுவாங்க. போங்கம்மா, போய் நல்ல சேலையா ஒண்ணு எடுங்க."

மூன்றாவது நாள் ரசிகர்கள் கிளம்பினார்கள்.

மின்னல் ரசிகர் குழுவை நடத்தியவனை அங்கே எல்லாரும் கண்ணாடி என்று அழைத்தார்கள். முப்பது வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. சிறுவயதில் மின்னல் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் பல கெட்ட நாட்களைக் கடந்தவன். அவன் ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை. படகுக்காரர் காட்சியையும் அந்த வருடத்து மின்னல் காட்சிகள் இருபத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வீடியோ போட்டான். மணிக்கட்டு, கட்டைவிரல், விலகி நிற்கும் நடுவிரல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். "இந்த இருபத்திரண்டும் ஒரே கை. இதில் ஒன்றுக்கு மட்டும் வேறொருவர் பெயர் எப்படி வந்தது? நியாயம் கேட்கிறேன், அவ்வளவுதான்" என்று முடித்திருந்தான்.

அவன் கண் ஒன்றையும் தவறாகப் பார்க்கவில்லை. இருபத்திரண்டும் ஒரே கைதான்.

அவன் திறந்துவிட்ட கதவு வழியாக மற்றவர்கள் வந்தார்கள்.

"கமிட்டிக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் மின்னல் சார்தான் வரைஞ்சு குடுக்கணுமா?"

"நத்தையாமே பேரு! அடுத்தவன் முதுகுல ஏறி வந்தா நத்தையும் சீக்கிரம் வந்துடும்."

"பேரு பட்டியல்ல வந்துட்டா உடனே திருடியா? அவங்க பக்கமும் கேப்போமே" என்று ஒருவர் எழுதினார்.

"வந்துட்டாருய்யா வக்கீலு. அந்தம்மா உனக்குச் சித்தியா, பெரியம்மாவா?" என்று பதில் வந்தது. அவர் அதற்கப்புறம் எழுதவில்லை.

அவள் பெயரை எடுத்துவிட்டு மின்னல் பெயரைப் போடச் சொல்லும் மனுவில் ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். யாரோ தங்கையின் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தார்கள். 'திருட்டுக் குடும்பத்து டீச்சர் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்று தலைமையாசிரியைக்குக் கடிதங்கள் வந்தன. வகுப்பறைச் சுவரில் ஒருவன் நத்தை ஒன்றை வரைந்துவைத்தான்.

"நல்லாவும் வரையலை" என்றாள் தங்கை, பையைத் தூக்கிப் போட்டபடி. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ வரைஞ்சதை நான்தான் வரைஞ்சேன்னு சொல்றதுக்கு என்ன? வாயில பூட்டா போட்டிருக்கே?"

அன்றைக்குத்தான் நத்தை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை தூக்கிப் போட்ட பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் நல்லா இருக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா என்னால அவங்க மூஞ்சியைப் பாக்க முடியாது. என்னைக்கும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதே."

விருதுக் குழு விசாரணை வைத்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நத்தை டயாலிசிஸ் அறைக்குப் போனாள். பதினொரு படுக்கை, பதினொரு இயந்திரம். மின்னலின் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தார். நத்தை அவரை அண்ணி என்பாள். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. மின்னல் வெளியே, நடைபாதை பெஞ்சில், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்லிடறேன் நத்தை. உன் பேரு நாறுது. என்னால சோறு திங்க முடியலை."

"சொல்லிட்டு?"

அவர் உள்ளே மனைவியின் படுக்கைப் பக்கம் பார்த்தார். மனைவியின் தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தான். ஒன்பது வாரத்தில் அறுவைச் சிகிச்சை. காப்பீட்டில் ஒப்புதலும் வந்துவிட்டது. படம் முடிந்துவிட்டதால் அடுத்த ஆறு மாதத்துக்கு ஸ்டுடியோவில் கதை பேசுகிற வேலைதான், வரைகிற வேலை இல்லை. ஒன்பது வாரம் அந்த நாற்காலி அவருடையதாக இருந்தால் போதும்.

"விசாரணையில என்னை வரைஞ்சு காட்டச் சொல்லுவாங்களாம்" என்றாள் நத்தை. "அந்தக் கண்ணாடித் தம்பி இருபத்திரண்டும் ஒரே கைன்னு நிரூபிச்சு வெச்சிருக்கான். நான் ஒண்ணை வரைஞ்சேன்னு காட்டினா, மீதி இருபத்தொண்ணும் நான்தான்னு ஆயிடும். அப்புறம் நீ ஒரு வருஷமா என்ன வரைஞ்சேன்னு கேப்பாங்க."

"அப்ப?"

"பொய் சொல்ல மாட்டேன். நான் வரையலைன்னு என் வாயால வராது. ஆனா என் கையில எப்படி வருதோ அப்படி வரைவேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

சொல்லும்போதே அதில் ஏதோ பொய் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுந்து வந்தாள்.

விசாரணை ஒரு சாதாரண அலுவலக அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். ஓரத்தில் நிர்வாகி. எதிர் ஓரத்தில், மனுக் கொடுத்தவர்கள் சார்பில் கண்ணாடி, மடியில் தடித்த கோப்போடு. மெலிந்த பையன். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, நின்றதற்காக வெட்கப்பட்டவனைப் போல மறுபடி உட்கார்ந்தான்.

தலைமை நடுவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். "அம்மா, உங்களை அவமானப்படுத்தக் கூப்பிடலை. அந்தத் தம்பி குடுத்ததைப் பாத்தோம். இருபத்திரண்டும் ஒரே கைங்கிறதை நாங்களும் ஒத்துக்கறோம். ஒரே கைன்னா ஒரே ஆளு. பெரியவர் சட்டையைக் கழட்டுற இடத்தைப் பன்னெண்டு படமா வரைஞ்சு காட்டுங்க. நேரம் எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க."

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை ஒன்றைப் போட்டுத் தாள்களைக் கொடுத்தார்கள். நத்தை பென்சிலை எடுத்தாள்.

முதல் கோட்டிலேயே அவளுக்குத் திக்கென்றது. கை தானாக மின்னலுடைய கையாக ஓடியது. மணிக்கட்டு சாய்ந்துவிட்டது. சட்டென்று அழித்தாள். ஒரு வருடம் தினமும் மூன்று மணி நேரம் அப்படியே வரைந்து பழகிய விரல்கள். தன்னுடைய கோடு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. கண்ணை மூடி யோசித்தாள். தான் வரைகிற கட்டைவிரலுக்கு நகம் உண்டு. விரல்கள் ஒட்டியே இருக்கும். மணிக்கட்டு கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அதற்காகப் பல தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கையைப் பிடித்து இழுத்துவைத்து வரைந்தாள். தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த கையோடு அடி வாங்க அனுப்புவது போலிருந்தது.

பன்னிரண்டு படத்துக்கு மூன்று மணி நேரமானது. தலைமை நடுவர் தாள்களை அடுக்கிப் புரட்டிப் பார்த்தார். கிழவர் சட்டையைக் கழற்றினார், சரியாகவே கழற்றினார். ஆனால் அந்தக் கை வேறு.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. படத்துல இருக்கிற காட்சி நீங்க வரைஞ்சதா?"

"நான் வரைஞ்சு காட்டிட்டேன் ஐயா. பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க."

நிர்வாகி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவனுடைய முகமாக அது இல்லை.

அன்று மாலையே அவள் பெயரை எடுத்துவிட்டு மின்னலின் பெயரைப் போட்டார்கள். அவள் வரைந்து காட்டிய பன்னிரண்டு படத்தையும் எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். மறுநாள் ஸ்டுடியோ அவளை வேலையிலிருந்து நீக்கியது. கோப்பில் அவள் பெயர் இருந்ததற்கு, அவளே மாற்றிவைத்தாள் என்பதைத் தவிர வேறு விளக்கம் அவர்களிடம் இல்லை. 'நியாயம் ஜெயித்தது' என்று ரசிகர் குழுவில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். விழாவுக்கு மின்னல் போகவில்லை. விருது வேறொரு ஸ்டுடியோவின் கரடிப் படத்துக்குப் போனது.

விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"யாரு?"

அவன் சொன்னான்.

"ஓ, நீதானா அது? இன்னும் எடுத்துட்டுப் போறதுக்கு இங்க என்ன பாக்கி இருக்கு? நாலு நாற்காலி இருக்கு, வேணுமா?"

"விடு" என்றாள் நத்தை உள்ளேயிருந்து. "உள்ள வாங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. "அக்கா, நேத்து மின்னல் சார் வீட்டுக்குப் போனேன். ஒரு படம் வரைஞ்சு கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு கேட்டேன். மாட்டேன் மாட்டேன்னாரு. நான் விடலை. பேனாவைக் கையில திணிச்சேன்." அவன் தன் கையையே பார்த்தான். "ஒரு கோடு போட முடியலைக்கா அவரால. அழுதுட்டாரு. நடுங்க ஆரம்பிச்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னாரு. ஒரே கை, ஒரே கைன்னு ஊர் பூரா கத்தினேனே... அது உங்க கையா அக்கா?"

நத்தை ஒரு தம்ளர் தண்ணீரை அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கே எழுதறேன். எல்லாத்தையும் எழுதறேன்."

"எழுதாதீங்க. அண்ணி ஆபரேஷனுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு." காரணத்தைச் சொன்னாள்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் என்னதான் செய்யறது?"

நத்தை யோசித்தாள். "தங்கச்சி ஸ்கூலுக்கு இன்னும் கடுதாசி வருது. அதை மட்டும் நிறுத்த முடியுமா, பாருங்க."

அவன் அங்கேயே உட்கார்ந்து, எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துத் தனித்தனியாக எழுதினான். 'போதும், விட்டுவிடுங்கள்' என்று மட்டும்தான் எழுத முடிந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சிலர் நிறுத்தினார்கள். 'எவ்வளவு வாங்கினே?' என்று சிலர் கேட்டார்கள். ஒரு வாரத்தில், அவன் ஆரம்பித்த குழுவிலிருந்தே அவனை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகும் அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. பள்ளிக்கு வருகிற கடிதங்கள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை.

குறித்த நாளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அண்ணியும் சிறுநீரகம் கொடுத்த தம்பியும் பிழைத்தார்கள்.

மனைவி வீடு திரும்பிய மறுநாள் மின்னல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு நிர்வாகியிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினார். நிர்வாகி நம்பினார். நம்பிய பிறகு, 'ஸ்டுடியோ பேர் கெடும், வெளியே வேண்டாம்' என்று சொல்லி, உடல்நிலை காரணமாக விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இனி அவர் மனைவியின் மருந்துக்கு அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குத் தயாராகத்தான் அவர் போயிருந்தார்.

மின்னல் அத்தோடு நிற்கவில்லை. ரசிகர்களுக்கே நேராக எழுதினார். 'இருபத்திரண்டும் அவள் வரைந்தது. நான் ஒன்றும் வரையவில்லை' என்று இடது கையால் தட்டச்சு செய்து போட்டார்.

"பாத்தீங்களா, திருடினவளுக்காகக்கூடப் பொய் சொல்றாரு மனுசன்! தங்கம்யா!"

"மனசு ஒடஞ்சுதான் வேலையை விட்டிருக்காரு. அந்தம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"நடுவர் முன்னாடி பன்னெண்டு படம் வரைஞ்சாளே, அதைப் போட்டுப் பாருங்க. குழந்தை கிறுக்கினது மாதிரி இருக்கு."

மின்னல் விருதுக் குழுவுக்கும் எழுதினார். இந்த வருடத்துப் பட்டியல் முடிந்துவிட்டது, அம்மையாரே வரைந்து காட்டிய தாள்கள் தங்களிடம் பத்திரமாக இருக்கின்றன என்று அவர்கள் பணிவாகப் பதில் அனுப்பினார்கள்.

கண்ணாடி தன் பழைய வீடியோவை நீக்கிவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதினான். அதைப் படித்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். நீக்கிய வீடியோவைப் பிறர் ஏற்கெனவே எங்கெங்கோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். அது ஓடிக்கொண்டேயிருந்தது.

நத்தை பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் குடலும் பூவின் உள்ளுறுப்பும் வரைகிற வேலைக்குப் போனாள். அங்கே எதுவும் அசைய வேண்டியதில்லை. காலையில் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து போக இடமில்லாததால் படுத்தபடியே பிரார்த்தனை செய்வாள். நடுவருக்கு முன்னால் அவள் கை சொன்னது பொய்யா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலில் நின்றிருந்த தங்கை, "யாரோ மாஸ்க் போட்டுக்கிட்டு நம்ம கட்டடத்தையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க" என்றாள். நத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணி. தனியாக வந்திருந்தார். நத்தை தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்களா?" என்றாள் தங்கை.

மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் பத்துப் படி ஏறுகிற சத்தம் கேட்டது, நின்றது. மறுபடி நாலு படி. மறுபடி நின்றது. மூச்சு வாங்குவது மேலே வரை கேட்டது. நத்தை செருப்பைத் தேடினாள்.

"நீ இரு" என்றாள் தங்கை. குரல் கடுமையாகத்தான் இருந்தது. விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனாள். படிக்கட்டின் வளைவில் அவள் குரல் கேட்டது.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு யாரு உங்களை ஏறச் சொன்னாங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா? ம்... கையைக் குடுங்க. அந்தப் பக்கம் சுவரைப் பிடிக்காதீங்க, ஒரே அழுக்கு. என்மேல சாஞ்சுக்கங்க. அவசரமே இல்ல. மெதுவா வரலாம்."